பூசையில் வைத்த பெட்டியை மிதித்த கதை

1

போன சனிக்கிழமை மெல்பர்னில் ஒரு கடைக்குள் வைத்து என் மகள் மீனா, “அப்பா, போதும். ஆளுங்க பாக்காங்க” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள் அவள். வெளியிடத்தில் என்னைத் திட்டுவதற்கு மட்டும் அசல் திருநெல்வேலித் தமிழை எடுப்பாள். சுற்றி நிற்பவர்களுக்குப் புரியக்கூடாதே.

நான் பெரிய குற்றம் ஒன்றும் செய்துவிடவில்லை. தரையில் இருந்த ஒரு சின்ன இரும்புப் பெட்டியைக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு அதன் மேல் காலை வைத்து மிதித்தேன்.

அது கிதார்காரர்களின் எஃபெக்ட்ஸ் பெடல். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கிதாரிலிருந்து வருகிற ஒயரை ஒரு பக்கம் செருக வேண்டும். மறுபக்கத்திலிருந்து இன்னொரு ஒயர் ஸ்பீக்கருக்குப் போகும். காலால் ஒரு மிதி மிதித்தால் கிதாரின் சத்தம் மாறும், இன்னொரு மிதியில் பழைய சத்தம் திரும்பிவிடும். ஒன்று சத்தத்தைக் கரகரவென்று கிழித்துக் கொடுக்கும், ஒன்று எதிரொலிக்க வைக்கும். நான் சொல்லும் கடையில் வேறெதுவும் விற்பதில்லை. சுவர் முழுக்கப் பெடல்கள். நடுவில் ஒரு ஸ்டூல், ஒரு கிதார், ஒரு ஸ்பீக்கர். பெடலை எடுத்து, மாட்டி, மிதித்து, பிடிக்காவிட்டால் வைத்துவிட்டுப் போகலாம். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கையெல்லாம் பச்சை குத்திய கடைக்காரர், “இன்னும் வேண்டுமா?” என்று கேட்டுக் கேட்டு எடுத்துக் கொடுத்தார். மீனா ஒரு மணி நேரத்தில் பதினோரு பெடல்களை மிதித்தாள், கனமான பூட்ஸ் காலோடு. பன்னிரண்டாவதை நான் மிதித்துப் பார்க்கிறேன் என்றேன். அப்போதுதான் திட்டு விழுந்தது.

காரில் ஏறியதும் கேட்டாள், ஆங்கிலத்தில்: “காலால் மிதிக்கிற ஒரு பொருளை ஏன் கும்பிட்டீர்கள்?”

அவளுடைய பதினேழு வயதுக்குள் என் பழைய வாழ்க்கையைப் பற்றி அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது. வீடு வர இருபது நிமிஷம் ஆகும். எனக்கு அது போதவில்லை. வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து சொல்லி முடித்தேன். ஊரில் இருப்பவர்களுக்கு அதையே இங்கே எழுதுகிறேன். உங்களில் சிலர் அன்று பாளையங்கோட்டையில் அந்தத் தெருவில் நின்றிருக்கலாம்.

2

தொண்ணூறுகளின் நடுவில் நான் திருநெல்வேலி சந்திப்பில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பகல் வேலை. மாலையில் நான் ஓர் இன்னிசைக் குழுவின் கிதார்காரன். கோவில் கொடை, தசரா, கல்யாண வரவேற்பு என்று ஆற்றங்கரை ஊர்கள் எல்லாவற்றிலும் எங்கள் மேடை போடப்பட்டிருக்கிறது. குழுவை நடத்தியவர் பரமசிவம் அண்ணாச்சி. தாலுகா ஆபீஸில் குமாஸ்தா, எங்களிடம் வந்தால் கலெக்டர். ஆண் குரல் பாட்டெல்லாம் அவருடையது. பெண் குரலுக்குச் செல்வி அக்கா. பாளையங்கோட்டையில் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். என் கிதாருக்கு ரெக்ஸினில் உறை தைத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

அந்த வருஷங்களில் சினிமாப் பாட்டுகளில் கிதாரின் சத்தமே மாறிவிட்டது. அதுவரை கிணுகிணு என்றிருந்தது, திடீரென்று இரும்பை அறுப்பதுபோல உறுமத் தொடங்கியது. ஜனங்கள் அந்தப் பாட்டுகளையே கேட்டார்கள். நான் என் கிதாரில் வாசித்தால் கிணுகிணுதான் வந்தது. முன்வரிசையில் இருந்து ஒருத்தர், “என்னவே, கிதாருக்குக் காய்ச்சலா?” என்றே கேட்டுவிட்டார்.

சந்திப்பில் எனக்குத் தெரிந்த ரேடியோ மெக்கானிக் ஒருவர், பழைய பத்திரிகை ஒன்றில் படம் பார்த்து ஒரு சோப்பு டப்பாவுக்குள் இரண்டு டிரான்சிஸ்டரைப் போட்டு ஒரு பெடல் செய்து கொடுத்தார். கடையில் வைத்து வாசித்துப் பார்த்தோம். உறுமியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதை முதன்முதலாக மேடையேற்றியது ஆழ்வார்குறிச்சியில். புதுப் பாட்டு, கிதார்தான் தொடங்கி வைக்க வேண்டும். நான் டப்பாவை அமுக்கினேன். ஸ்பீக்கரிலிருந்து தெளிவான ஆண் குரல் ஒன்று, நெற்பயிரில் குருத்துப்பூச்சி தாக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று பேச ஆரம்பித்தது. சோப்பு டப்பா வானொலியைப் பிடித்துவிட்டது. விவசாய நிகழ்ச்சி போகிற நேரம். நான் பதறிப்போய் ஒயரைப் பிடுங்கப் போனேன். கூட்டத்திலிருந்து ஒருத்தர் கத்தினார்: “ஏ, நிறுத்தாதிய! மருந்து பேரு சொல்லுதான்!”

மருந்தின் பெயர் சொல்லி முடிக்கும் வரை ஆழ்வார்குறிச்சி அமைதியாகக் கேட்டது. எங்கள் கச்சேரிக்கு அவ்வளவு அமைதி என்றைக்கும் கிடைத்ததில்லை.

3

திரும்பி வரும் வேன் அம்பாசமுத்திரம் தாண்டியதும் பரமசிவம் அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

“லே நாயகம், நாகர்கோவில்ல ஒருத்தரு கீபோர்டு வச்சிருக்காரு. அதுல கிதார் சத்தமும் வருதாம். தசராவுக்கு அவரை வரச் சொல்லியிருக்கேன்.”

“அப்போ நான்?”

“தசரா வரைக்கும் உனக்குத் தவணை. அன்னைக்கு உன் கிதார்ல அந்தச் சத்தம் வரணும். வந்தா நீ மேடையில இரு. வரலைன்னா அவரு வாசிப்பாரு, நீ கீழ உக்காந்து கேளு.”

அவர் கெட்டவர் இல்லை. குழு பிழைக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு கீபோர்டு வந்து இறங்கினால் நாலு பேர் வீட்டுக்குப் போனார்கள். ஆனால் எனக்கு அந்த மேடையை விட்டால் டைப்ரைட்டர் சத்தம்தான் மிச்சம். ‘ஏ எஸ் டி எஃப்’ என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

தேடத் தொடங்கினேன். டவுனில், கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு வாத்தியக் கடை இருந்தது. ஆர்மோனியம், மிருதங்கம், தவில். கடைக்கார அண்ணாச்சியிடம் பெடல் என்றால் என்ன என்று விளக்கினேன். அவர் முகம் சுருங்கியது.

“காலால மிதிக்கதா? நம்ம கடையில காலால மிதிக்கிற சாமான் கிடையாது தம்பி. எல்லாம் மடியில வைக்கதுதான்.”

அப்போது சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வார்த்தையைக் கொஞ்சம் யோசித்திருந்தால் பின்னால் இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதுரை. பெரிய கடை. கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பெடலின் அட்டைப்பெட்டி இருந்தது. நான் அதை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். வாங்குவதென்றால்தான் எடுப்போம் என்றார்கள். வாசித்துப் பார்க்காமல் எப்படி வாங்க? சோப்பு டப்பா அனுபவம் எனக்குப் போதும். கெஞ்சினேன், வாதாடினேன். கடைசியில் ஒருவர் எரிச்சலோடு அட்டைப்பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். காற்றுப்போல இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அலமாரி நிறைவாகத் தெரியட்டும் என்று வைத்திருந்தார்களாம்.

பிறகு ஒரு டிரம்ஸ்காரர் திருவனந்தபுரத்தில் ஒரு கடையின் பெயரும் நம்பரும் சொன்னார். வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் சாமான்கள் அங்கே கிடைக்குமாம். எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டேன்.

“அந்தக் கரகர பெடல் இருக்கா?”

“உண்டு.”

“வாசிச்சுப் பாக்கலாமா?”

“பின்னே? வாசிக்காம எங்ஙனே வாங்கும்?”

பூத்துக்குள் கை காலை நீட்ட இடம் இருந்திருந்தால் ஆடியிருப்பேன்.

4

ஆனால் இன்ஸ்டிட்யூட்டில் லீவு கிடைக்கவில்லை. பரீட்சை நேரம். ஒரு நாள்கூட விட முடியாது என்றார் முதலாளி. கடைசியில் ஆயுத பூசைக்குத்தான் இன்ஸ்டிட்யூட்டை அடைத்தார். ஏன் அடைத்தார்? டைப்ரைட்டர்களையெல்லாம் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கிவிட்டோம். மறுநாள் விஜயதசமி காலைவரை அவற்றை யாரும் தொடக்கூடாது. பொட்டு வைத்ததே நான்தான். வைத்து முடித்துக் கையைக் கழுவிவிட்டு, கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாத்தியம் வாங்குவதற்குத் திருவனந்தபுரம் பஸ் ஏறினேன்.

இந்த இடத்தில் மீனா காரில் சிரிக்கத் தொடங்கினாள். அவளுக்கே புரிந்துவிட்டது. எனக்கு அன்று நாங்குநேரி தாண்டியும் புரியவில்லை, நாகர்கோவில் தாண்டியும் புரியவில்லை. எதிரே வந்த லாரிகளெல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு வந்தன. வேடிக்கை பார்த்துக்கொண்டே போனேன்.

கடையின் வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே நடுவில் பட்டு விரித்து, அதன்மேல் வயலின், வீணை, தபலா, ட்ரம்பெட், கிதார் எல்லாம் அடுக்கி, மாலை போட்டு, விளக்கேற்றி வைத்திருந்தார்கள். சரஸ்வதி படத்துக்கு நேர் முன்னால், ஒரு புல்லாங்குழலுக்கும் ஒரு மௌத் ஆர்கனுக்கும் இடையில், ஆரஞ்சு நிறத்தில் அது இருந்தது. என் பெடல். நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம்.

கடைக்காரர் வயதானவர், கனத்த மீசை. நான் கையை நீட்டியதும் பதறிப்போய்க் குறுக்கே வந்துவிட்டார்.

“அய்யோ, தொடாதே! இன்னிக்குத் தொடான் பாடில்ல. நாளைக் காலையில வா.”

“நாளைக்குச் சாயங்காலம் பாளையங்கோட்டையில கச்சேரி ஐயா. ஒரே ஒரு தடவை.”

“நீ எந்தா ஜோலி செய்யுந்நே?”

“டைப்ரைட்டிங் வாத்தியார்.”

“மிஷினெல்லாம் எவிடே?”

“பூசையில” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த மீசை நடுங்க நடுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, காலையில் ஆறு மணிக்கு வந்தால் பூசையிலிருந்து எடுத்தவுடன் முதல் வாசிப்பு உனக்குத்தான் என்றார். அன்றைய ராத்திரியை ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் கிதாரைக் கட்டிக்கொண்டு கழித்தேன்.

5

ஆறு மணிக்கு வரச் சொன்ன கடை வாசலில் நான் ஐந்தேகாலுக்கே நின்றேன். கடைக்காரர் குளித்து, நெற்றியில் சந்தனக் கீற்றோடு வந்தார். அவருடைய பேத்திக்கு மூன்று வயதிருக்கும். தாம்பாளத்து அரிசியில் அவள் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைத்தார். அவள் எழுதி முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

“இனி நீ.”

பெடலை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார். புது பேட்டரி போட்டார். ஒயரைச் செருகினோம். மேஜை மேல் இருந்ததால் கையால்தான் அமுக்கினேன். சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரே ஒரு கம்பியை மீட்டினேன்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று இத்தனை வருஷமாகத் தெரியவில்லை. கடையின் கண்ணாடிகள் எல்லாம் அதிர்ந்தன. பேத்தி வீல் என்று அழுதாள். அவர் காதைப் பொத்திக்கொண்டு, “கொள்ளாம், கொள்ளாம்!” என்றார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நான் அழுதேனா என்று மீனா கேட்டாள். அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். நாலு மாதமாக ஊர் ஊராக, கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான். முதல் தடவையாக ஒருவர் ‘வாசி’ என்று சொல்லி முன்னால் எடுத்து வைத்திருக்கிறார்.

சந்தனத்தைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லி அப்படியே அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். கல்யாணம் செய்து கொடுக்கிற முகம் அவருக்கு.

6

பாளையங்கோட்டையில் சப்பரம் கிளம்புவதற்கு முன்னால், அம்பாள் கோவில் வாசலில் எங்கள் மேடை. பண்டிகைக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் அலைந்து, நான் மேடை ஏறும்போது மணி ஆறரை. மைக் செட்காரர் எல்லா மைக்கையும் திறந்து வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நாகர்கோவில்காரர் கீபோர்டை விரித்து வைத்துத் தயாராக இருந்தார். செல்வி அக்கா ஒரு ஓரத்தில் பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

பரமசிவம் அண்ணாச்சி ஓடி வந்தார். “வந்துட்டியாலே! கிடைச்சுதா?”

அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினேன்.

“என்னவே இது, சந்தனமா?”

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பெருமை யாரை விட்டது? “ஆமா அண்ணாச்சி. சரஸ்வதி படத்துக்கு நேர் முன்னால இருந்தது. காலையில பூசை எடுத்து நேரா வாரேன். மொத வாசிப்பு என் கையாலதான்” என்றேன்.

அண்ணாச்சி உருகிவிட்டார். பெடலை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பக்தியோடு திருப்பிக் கொடுத்தார். நான் அதை வாங்கி, என் காலடியில், மேடைப் பலகை மேல் வைத்தேன்.

“ஏலே! என்ன செய்யுதெ?”

“இங்கனதான் இருக்கணும் அண்ணாச்சி. காலால மிதிக்கது.”

“எதை?”

“இதைத்தான்.”

அவர் குரல் ஏறிவிட்டது. “சரஸ்வதிக்கு முன்னால இருந்ததை, விஜயதசமி அன்னைக்கு, அம்பாள் வாசல்ல வச்சுக் காலால மிதிக்கப் போறியா? என் மேடையிலயா?”

“சொன்னேன்லா அண்ணாச்சி, பெடல்னு.”

“என்னமோ சொன்ன. பூசையில வச்சதுன்னு இப்பதானலே சொல்லுதெ! கையால அமுக்கு.”

“ரெண்டு கையும் கிதார்ல இருக்கும்லா?”

“அப்போ முட்டியால அமுக்கு.”

முயன்று பார்த்தேன். மண்டியிட்டுக்கொண்டு முட்டியால் அமுக்கினால் எழுந்திருக்க முடியவில்லை. சந்தனத்தைக் கழுவிவிட்டால் ஆச்சு என்றார் அண்ணாச்சி. தண்ணீர் பட்டால் பெடல் போய்விடும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

“நீரே வாசிச்சிரும்வே. இவன் அடுத்த கச்சேரியில பாத்துக்கிடட்டும்.”

அடுத்த கச்சேரி என்று ஒன்று எனக்கு இருக்கப்போவதில்லை என்று மேடையில் எல்லோருக்கும் தெரியும். கீபோர்டுக்காரர் கையைக் கட்டைமேல் வைத்துவிட்டார். நான் ஒயரைக் கழற்றக் குனிந்தேன்.

“அண்ணாச்சி, ஒரு நிமிஷம்.”

செல்வி அக்கா பிளாஸ்க்கை மூடி வைத்துவிட்டு நடுமேடைக்கு வந்தார்.

“நேத்து எங்க வீட்டுல தையல் மிஷினுக்குச் சந்தனம் வச்சேன், குங்குமம் வச்சேன், பொரி கடலை வச்சுக் கும்பிட்டேன். இன்னைக்குக் காலையில அந்த மிஷினை என்ன செஞ்சேன்னு நெனைக்கிய?”

“என்ன செஞ்ச?”

“மிதிச்சேன். பத்து மணி வரைக்கும் மிதி மிதின்னு மிதிச்சேன். மிதிக்கலைன்னா நீங்க போட்டிருக்க சட்டை எங்கன இருந்து வந்துச்சு?”

அண்ணாச்சி தன் புதுச்சட்டையைக் குனிந்து பார்த்தார். நாங்கள் மறந்துவிட்ட ஒன்று, மைக்குகள் எல்லாம் திறந்திருந்தன. தெரு முழுக்க இந்த வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்தது. சிரிப்பு எழுந்தது.

அக்கா விடவில்லை. “இங்கன எதுல வந்திய?”

“ஸ்கூட்டர்ல.”

“எலுமிச்சம்பழத்தை நசுக்கி, மாலையெல்லாம் போட்டு, பெறவு அதை எப்படிக் கிளப்புனிய?”

முன்வரிசையில் இருந்த அண்ணாச்சியின் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து நின்று சொன்னார்: “உதைச்சாரு! நாலு உதை உதைச்சாரு, நான் பாத்தேன்!”

தெருவே அதிர்ந்தது. கோவில் வாசலில் நின்ற பூசாரிகூடச் சிரிப்பை அடக்க மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணாச்சிக்கு முகம் கோணிக் கோணி, கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“சரி தாயி. அப்போ என்னதான் செய்யணும்ங்க?”

“நான் மிஷினைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் மிதிக்கேன். அவனும் அதைச் செய்யட்டும்.” என் பக்கம் திரும்பினார். “தொட்டுக் கும்பிடுலே. பெறவு மிதி. சத்தம் வருதான்னு பாப்போம்.”

நான் குனிந்து பெடலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். விரலில் குங்குமம் ஒட்டியது. நிமிர்ந்து, வெறுங்காலால் மிதித்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

மீட்டினேன்.

கட்டியிருந்த சீரியல் பல்பெல்லாம் ஆடின என்று பின்னால் சொன்னார்கள். எனக்குத் தெரியாது, நான் கண்ணை மூடியிருந்தேன். பாட்டின் தொடக்க இசை முழுவதும் கிதார் தனியாகத்தான் போக வேண்டும். போனது. அந்தப் பாட்டு கேசட்டில் எப்படி உறுமியதோ அப்படியே, அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே உறுமியது. அது முடிந்தபோது தெருவிலிருந்து ஒரு விசில் கிளம்பியது. அதன் பின்னால் நூறு விசில். கண்ணைத் திறந்து பார்த்தேன். கீபோர்டுக்காரர் இரண்டு கையையும் கட்டைமேலிருந்து எடுத்து, என்னைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். அவரும் எங்களோடு கடைசிவரை இருந்தார். யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

அந்தப் பாட்டை அன்று மூன்று தடவை வாசித்தோம். மூன்றாவது தடவை பரமசிவம் அண்ணாச்சியே வந்து குனிந்து பெடலைத் தொட்டுக் கும்பிட்டார். “ம், மிதிலே” என்றார்.

7

பிறகு கம்ப்யூட்டர் படித்து, டைப்ரைட்டரை விட்டு, தொண்ணூறுகள் முடிகிற நேரத்தில் இந்த ஊருக்கு வந்தேன். விமான நிலையத்தில் மண், விதை, மரம், இலை எதையும் உள்ளே விடமாட்டார்கள். என் பையைத் திறந்த அதிகாரி பெடலை எடுத்தார். திருகாணிக் குழிகளில் சந்தனம் காய்ந்து கிடந்தது. வருஷா வருஷம் ஆயுத பூசைக்குப் பொட்டு வைத்ததல்லவா?

“இது என்ன?”

“சந்தனம். மரம்” என்றேன். உண்மையைச் சொல்லிவிட்டால் பிரச்சினை வராது என்று நினைத்தேன்.

“இந்த மின்சாரக் கருவியில் ஏன் மரம் இருக்கிறது?”

அப்போது என் ஆங்கிலம் பரீட்சை ஆங்கிலம். “நாங்கள் இதைக் கும்பிடுவோம். பிறகு மிதிப்போம்” என்றேன். அவர் இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார். அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். ஒரு படிவம் வந்தது. அதில் ‘பொருளின் பயன்பாடு’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று மூன்று பேரும் கலந்து பேசினார்கள். ‘இசை, சமயம்’ என்று எழுதினார்கள். காதுகுடைகிற பஞ்சுக்குச்சியால் குழி குழியாகச் சுரண்டி, துணுக்கு துணுக்காக ஒரு பையில் போட்டு முத்திரை வைத்து, என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு மணி நேரம் ஆனது. நான் கவலைப்படவில்லை. பெடலின் அடிமூடிக்குள், பேட்டரி வைக்கும் இடத்தின் ஓரத்தில், முதல் நாள் கடைக்காரர் பேட்டரி போடும்போது அவர் விரலிலிருந்து ஒட்டிய குங்குமம் ஒரு பொட்டு இருந்தது. அதை அவர்கள் பார்க்கவில்லை. இன்றும் இருக்கிறது.

8

கதை முடிந்ததும் மீனா கேட்டாள்: “அது இப்போது எங்கே?”

அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அடிமூடியைத் திறந்து அந்தப் பொட்டைப் பார்த்தாள். புது பேட்டரி போட்டு அவளுடைய கிதாரில் மாட்டினாள். கடையில் மிதித்த பதினொன்றில் இல்லாத சத்தம் இதில் இருக்கிறதாம். பள்ளிக் கச்சேரிக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டு போவேன் என்றாள். நான் முகத்தை ஒன்றும் நடக்காததுபோல வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டேன்.

“ஆனால் எங்கள் பள்ளியில் மேடையில் செருப்பில்லாமல் நிற்க விடமாட்டார்கள். பூட்ஸோடு மிதிக்கலாமா?” என்று கேட்டாள்.

அதற்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. செல்வி அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். இப்போது அக்காவுக்குப் பாளையங்கோட்டையில் சொந்தத் தையல் கடை, எட்டு மிஷின். மீனா தமிழும் ஆங்கிலமும் கலந்து வழக்கை எடுத்துச் சொன்னாள். அக்கா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கவனமாகக் கேட்டார்.

“பூட்ஸ் போட்டு மிதி, இல்ல வெறுங்காலால மிதி. மிஷினுக்கு அது தெரியாது. ஆனா மொதல்ல தொட்டுக் கும்பிட்டுரு, என்ன?”

“எல்லாரும் பாப்பாங்களே ஆன்ட்டி.”

“பாக்கட்டும். அன்னைக்கு உங்கப்பனை ஒரு தெருவே பாத்துச்சு.”

நேற்று அந்தக் கச்சேரி. நானும் மனைவியும் நாலாவது வரிசை. மீனா பூட்ஸும் கறுப்புச் சட்டையுமாக மேடைக்கு வந்தாள். பாட்டு தொடங்குவதற்கு முன் பூட்ஸின் கயிற்றைக் கட்டுவதுபோல ஒரு காலை மடக்கிக் குனிந்தாள். கயிறு ஏற்கெனவே இறுக்கமாகக் கட்டித்தான் இருந்தது. அவள் விரல் பெடலின் மேல் ஒரு கணம் நின்றது. நிமிரும்போது முகத்தில் விழுந்த முடியை ஒதுக்குவதுபோல அந்தக் கை கண்களின் மேல் போய்வந்தது. அந்த அரங்கில் இருந்தவர்களில் வேறு யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. என் மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

பிறகு மீனா ஓங்கி மிதித்தாள்.

இடைவேளையில் வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். ஊரில் அப்போது மத்தியானம். மிஷின்கள் ஓடுகிற சத்தம் பின்னால் கேட்டது.

“மிதிச்சுட்டா அக்கா.”

“தொட்டுக் கும்பிட்டாளாலே?”

“கும்பிட்டா.”

“சத்தம் வந்துச்சா?”

“வந்துச்சுக்கா. பாளையங்கோட்டைக்கே கேட்டிருக்கும்.”